பொடியும் துளையும்

இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பவுடர் மெட்டலர்ஜி உலையில் வெப்பத்தை 1,120 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போவது, விரலால் அழுத்தினால் விளிம்பு உதிர்கிற ஒரு பொடிக்கட்டி. அரை மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்து, ஆறி வெளியே வருவது, மோட்டார் சைக்கிளின் ஆயில் பம்புக்குள் ஆண்டுக்கணக்கில் சுழலப்போகும் ரோட்டர். நடுவில் எந்தக் கட்டத்திலும் இரும்பு உருகவில்லை. பொடியின் ஒவ்வொரு மணியும் தான் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பக்கத்து மணியோடு ஒட்டி வளர்ந்திருக்கிறது. இதற்குச் சின்டரிங் என்று பெயர். நான் பார்த்த தொழில்களில் இத்தனை நிதானமான நெருப்பு வேறெதிலும் இல்லை.

சென்னை அம்பத்தூரின் மேனாம்பேட்டுக்காரர்களுக்குத் தொழிற்பேட்டை அண்டை வீடு மாதிரி. அரசு 1964-ல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைத் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பக்கம் டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்தது, டன்லப் இருந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று அடுத்தடுத்து எழுந்தன. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. பெரிய ஆலை ஒன்று நின்றால் அதற்குச் சில்லறை உருப்படி செய்துகொடுக்கச் சிறு பட்டறைகள் பல வேண்டும். அந்தப் பட்டறைகளில் நிற்க ஆள் வேண்டும். கருக்கு, மேனாம்பேடு, வெங்கடாபுரம், பட்டரவாக்கம் என்று வீடுகள் நிரம்பியது அப்படித்தான். இங்கே ஒரு தெருவில் நாலு பேரைக் கேட்டால் ஒருவர் லேத், ஒருவர் பிரஸ், ஒருவர் பிளேட்டிங், ஒருவர் குவாலிட்டி என்று சொல்வார்கள். லேத்தும் வெல்டிங்கும் வெளியே தெரிகிற தொழில்கள். பொறி பறக்கும், சுருள் சுருளாக இரும்பு உதிரும். பொடி வேலை ஷட்டருக்குப் பின்னால் நடப்பது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

பேட்டைக்குள், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்களும் சிறு பல்சக்கரங்களும் செய்கிற ஒரு பட்டறைக்கு நான் போய்வருவதுண்டு. அங்கே பிரஸ் செட்டராக இருப்பவர் அறுபதை நெருங்குகிறார். திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணத்துக்குப் பிறகு மேனாம்பேட்டில் குடியேறியவர். அவரிடம் முதலில் நான் கேட்டது எல்லோரும் கேட்கிற கேள்விதான்: “ஏண்ணே, இன்னும் கொஞ்சம் சூடு வெச்சு உருக்கிட்டா நல்லா ஒட்டிக்காதா?”

“உருகிடுச்சின்னா வேலையே போச்சு சார். டை போட்டு அவ்ளோ அளவா புடிச்ச வடிவம் எங்க நிக்கும்? ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கணும், அவ்ளோதான். அதுக்கு மேல சூடு காமிக்கக் கூடாது.”

அவர் வேலையைத் தொடங்குவது பொடியைக் கையில் அள்ளி விரல்களுக்கு நடுவே வழியவிட்டுத்தான். இரும்புப் பொடியின் மணி சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சாம்பல் நிறம், எதிர்பார்க்காத கனம். அதோடு கொஞ்சம் கிராஃபைட், கொஞ்சம் செம்பு, நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக ஜிங்க் ஸ்டியரேட் கலந்திருக்கும். ஸ்டியரேட் வழுக்கலுக்காக, அது இல்லாவிட்டால் அழுத்திய கட்டி டையின் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வராது. பொடி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பித்தளைப் புனல் உண்டு. அடியில் இரண்டரை மில்லிமீட்டர் துளை. 50 கிராம் பொடியை விட்டால் அரை நிமிடத்துக்குள் வழிந்து தீர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமானால் பொடி முரண்டுபிடிக்கும். புனலில் நேரம் கூடும், டைக்குள் ஒரு பக்கம் நிறைந்து ஒரு பக்கம் குறையும். செட்டர் புனலை எடுப்பதற்கு முன்பே விரல்களில் அதைத் தெரிந்துகொண்டுவிடுகிறார். ஸ்டாப்வாட்ச் அவர் சொன்னதை உறுதிசெய்கிறது.

பிரஸ் இறங்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து, ஆறு டன் அழுத்தம். டைக்குள் நிரம்பியிருந்த பொடி பாதி உயரத்துக்கும் கீழே போகிறது. அடிப் பஞ்ச் தள்ள, கட்டி மேலே வருகிறது. அளவு, பல், துளை, சாவிக்காடி எல்லாம் அதில் இருக்கும். பலம் மட்டும் இருக்காது. கையில் பிடித்த ரவா லாடுவைப் போலத்தான் அது, பார்வைக்கு முழுசு, தட்டில் ஓங்கி வைத்தால் விளிம்பு உடையும். இதை ‘கிரீன்’ என்கிறார்கள். கிரீனை எடுத்து டிரேயில் அடுக்குகிற பெண்களின் விரல்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பல்லைத் தொடமாட்டார்கள், துளையின் உள்விளிம்பைத் தொடமாட்டார்கள், இரண்டு விரலால் உடம்பை மட்டும் பிடித்து, கீழே வைக்கும்போது ஒரு ஓரத்தை முதலில் தொடவைத்துப் பிறகு மெல்லப் படியவிடுவார்கள். ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கில் இப்படி. இதைக் கைத்திறன் என்று எந்தச் சம்பளச் சீட்டும் சொல்வதில்லை. ‘ஹெல்பர்’ என்றே போட்டிருக்கும். எனக்கு இது எப்போதும் உறுத்துகிறது.

அடுத்தது உலை. கம்பிவலை பெல்ட் ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் பகுதியில் ஸ்டியரேட் எரிந்து போகும். கொழுப்பு கருகும் நெடி பட்டறை முழுக்கச் சுற்றும். அடுத்த பகுதியில் முழுச் சூடு. கடைசியில் நீர் சுற்றும் உறைக்குள் ஆறுதல். உள்ளே காற்று இருக்கக் கூடாது. பல இடங்களில் அமோனியாவைப் பிளந்து அனுப்புகிறார்கள்: நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு நைட்ரஜன். இரும்பு மணி ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத துருத்தோல் இருக்கிறது. அந்தத் தோல் இருக்கும்வரை மணிகள் தொட்டுக்கொண்டிருந்தாலும் சேராது. ஹைட்ரஜன் அதை உரித்துவிடுகிறது. உலையின் இரு வாயிலும் வெளியேறும் வாயு ஒரு தீத்திரையாக எரிந்துகொண்டே இருக்கும். செட்டர் பேசிக்கொண்டே இருந்தாலும் கண் அந்தத் திரையைவிட்டு நகராது. அது குறுகினால் உள்ளே காற்று நுழைகிறது என்று பொருள். சூடான ஹைட்ரஜனோடு காற்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உலைக்குள் மணிகள் ஏன் சேர்கின்றன? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ இரும்பைக் கனசதுரமாக வைத்தால் பக்கம் ஐந்து சென்டிமீட்டர். அதன் ஆறு முகங்களின் பரப்பும் சேர்ந்து 150 சதுர சென்டிமீட்டர். அதே கிலோவை 100 மைக்ரான் உருண்டைகளாக்கினால் மொத்தப் பரப்பு ஏழரைச் சதுர மீட்டர், சின்ன அறை ஒன்றின் தரை அளவு. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் துணையில்லை. அதனால் அது ஆற்றல் மிகுந்த நிலையில் இருக்கிறது. பொடி என்பது அத்தனை பரப்பையும் சுமந்துகொண்டு, அதைக் குறைத்துக்கொள்ள வழி தேடும் பொருள். சூடு அந்த வழியைத் திறக்கிறது. இரண்டு மணிகள் தொட்டுக்கொள்ளும் புள்ளியில் அணுக்கள் ஊர்ந்துவந்து சேர்ந்து ஒரு கழுத்து உருவாகிறது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த குச்சின்ஸ்கி 1949-ல் வெளியிட்ட கட்டுரையில், செம்பு, வெள்ளி உருண்டைகளைத் தட்டையான உலோகத்தின் மேல் வைத்துச் சூடாக்கி இந்தக் கழுத்து எப்படி வளர்கிறது என்று அளந்து காட்டினார். அணுக்கள் உலோகத்தின் உடல் வழியாக ஊர்ந்துவரும்போது, கழுத்தின் பருமன் இரட்டிக்க நேரம் 32 மடங்கு ஆகும். தொடக்கத்தில் விரைவாகவும் பிறகு மிகமிகத் தாமதமாகவும் வளரும் உறவு அது. அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் தரும் பலன் குறைவு.

உலோகம் என்றால் நமக்கு வார்ப்புதான் நினைவுக்கு வருகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மெழுகு உருகி வெளியேற, வெண்கலம் உருகி உள்ளே போக, தெய்வம் வெளிவரும். இந்தப் பெருமை நியாயமானது. ஆனால் இதே மண்ணில் இரும்பு செய்தவர்கள் வேறொரு வழியில் வந்தவர்கள். பழைய கரியுலைகளின் சூடு 1,200 டிகிரியை ஒட்டியது. கசடு உருகி ஓடும், இரும்பு உருகாது. தாதுவிலிருந்து பிரிந்த இரும்புத் துணுக்குகள் திடமாகவே ஒட்டிக்கொண்டு பஞ்சுபோல் துளைத்த கட்டியாகத் தேங்கும். அதை எடுத்துச் சூடாகவே அடித்து அடித்து இறுக்கினார்கள். டெல்லியில் ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள குப்தர் காலத்து இரும்புத் தூண் வார்க்கப்பட்டதல்ல. இப்படிப்பட்ட கட்டிகளை ஒன்றோடொன்று அடித்துப் பொருத்தி எழுப்பியது. கொடுமணலில் தோண்டியெடுத்த உலைகளும் மூசைகளும் இரண்டு வழியையும் நம்மவர்கள் அறிந்திருந்ததைக் காட்டுகின்றன. உருக்காமல் சேர்க்கும் அறிவு நமக்குப் புதிதில்லை. அதைக் கொண்டாடத்தான் நமக்குப் பழக்கமில்லை.

ஐரோப்பா இந்த வழிக்கு வந்தது பிளாட்டினத்தால். 1,768 டிகிரியில் உருகும் அந்த உலோகத்தை உருக்க அன்றைய உலைகளால் முடியவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் பிளாட்டினத்தைப் பொடியாக்கி, அழுத்தி, சூடாக்கி, அடித்துத் தகடாக்கும் முறையைப் பல ஆண்டுகள் ரகசியமாக வைத்திருந்து, 1828 இறுதியில், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். அதே 1828-ல் ரஷ்யா பொடியிலிருந்து செய்த பிளாட்டின நாணயங்களைப் புழக்கத்தில் விட்டது. பிறகு 3,422 டிகிரியில் உருகும் டங்ஸ்டன். 1910-ஐ ஒட்டி அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் பொடியைக் கட்டியாக்கி, மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி, இழுத்துக் கம்பியாக்கினார். நம் வீடுகளில் மஞ்சளாக எரிந்த குண்டு பல்புகள் அத்தனையிலும் அந்தக் கம்பி. 1923-ல் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடும் கோபால்ட்டும் சேர்ந்த கலவை வந்தது. இன்று அம்பத்தூரில் ஓடும் பெரும்பாலான லேத்துகளில் இரும்பைச் சீவுவது அந்த வகைக் கார்பைடு டிப்தான். பேட்டையில் மிச்சமிருக்கும் எல்லா வேலையும் ஒரு பொடிக்கட்டியின் முனையில் நிற்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒட்டுதலைப் பற்றி. என்னை இந்தத் தொழிலோடு கட்டிப்போட்டது ஒட்டாமல் விடப்பட்ட இடம். சின்டரிங் முடிந்த இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏழு கிராமைச் சுற்றி நிற்கும். முழு இரும்பு 7.87. மிச்சம் துளை. கண்ணுக்குத் தெரியாத, உடம்பெல்லாம் பரவிய வெற்றிடம். பொறியியல் படித்த நண்பர்கள் இதைக் குறையாகவே பேசுவார்கள்: துளையிருந்தால் பலம் குறையும், திரும்பத் திரும்பப் பாரம் ஏறினால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். உண்மை. ஆனால் புஷ் செய்பவர்கள் அந்தத் துளையைத்தான் விற்கிறார்கள்.

மிக்சியைப் பிரித்தவர்கள் அந்த புஷ்ஷைப் பார்த்திருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு செம்பு, பத்து வெள்ளீயம். பொடியாக அழுத்தி எண்ணூறு டிகிரிக்குச் சற்று மேலே சுட்டது. அதன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் துளை, துளைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. சுட்ட புஷ்களை மூடிய பாத்திரத்தில் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு எண்ணெயை விடுவார்கள். வெற்றிடம் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். பிறகு துடைத்துவிட்டால் கையில் ஒட்டாது, வெறும் வெண்கல வளையம்தான். அதை வெயிலில் ஒரு செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அதன் தோலில் முத்து முத்தாக எண்ணெய் வேர்க்கும், தாளில் ஒரு வட்டக் கறை பரவும். தண்டு சுழலும்போது சூட்டிலும் இழுப்பிலும் எண்ணெய் வெளியே வந்து தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே படலமாக நிற்கிறது. மோட்டார் நின்று ஆறியதும் துளைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சமையலறையில் யாரும் மிக்சிக்கு எண்ணெய் விடுவதில்லை, விட வேண்டியதில்லை. 1930-ஐ ஒட்டி அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் இத்தகைய புஷ்களை ஆயிலைட் என்ற பெயரில் பெருமளவில் கொண்டுவந்தது. காரின் எட்டாத மூலைகளில் எண்ணெய் விடும் வேலை ஒழிந்தது.

2011 செப்டம்பரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேலான குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. இலவசம் சரியா தவறா என்று எத்தனையோ பக்கம் எழுதினோம். அம்மிக்கு முன் குனிந்திருந்த பெண்ணின் முதுகு நிமிர்ந்ததைப் பற்றியும் சிலர் எழுதினார்கள். அவர்கள் சொன்னதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மிக்சிகளுக்குள்ளும் விசிறிகளுக்குள்ளும் பெரும்பாலும் இருந்தது துளைகளில் எண்ணெயைத் தேக்கிய இந்தச் சிறு வளையம். மின்சாரம் எட்டிய கிராமத்தில், மெக்கானிக் எட்டாத வீட்டில், ஓர் எந்திரம் கவனிப்பின்றி ஓட வேண்டுமென்றால் அதற்குத் தேவையான கவனிப்பை முன்கூட்டியே அதன் உடம்புக்குள் வைத்துவிட வேண்டும். அதைச் செய்தவர்கள் பொடியை எந்த அளவுக்கு அழுத்தக் கூடாது என்று அறிந்தவர்கள். இன்னும் ஒரு டன் கூட அழுத்தினால் துளைகள் மூடிக்கொள்ளும்; புஷ் பலமாக இருக்கும், எண்ணெய் குடிக்காது.

பீங்கான் பக்கம் போனால் கதை திரும்புகிறது. அங்கே துளைதான் எதிரி. சென்னைக்கு இந்தத் தொழிலும் பழக்கமானது: திருவொற்றியூரில் 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் சாணைச் சக்கரங்கள் செய்தது, போரூரில் டபிள்யூ.எஸ். இண்டஸ்ட்ரீஸ் உயரழுத்த மின்கம்பிகளுக்கான பீங்கான் இன்சுலேட்டர்களைச் சுட்டெடுத்தது. இன்சுலேட்டருக்குள் ஒரு துளை மிஞ்சினால் மின்சாரம் அதை என்றைக்காவது கண்டுபிடித்துவிடும். துளையை வெளியேற்றினால் அதற்கு ஒரு விலை உண்டு: பொருள் சுருங்கும். அழுத்திய பீங்கான் பொடியில் பாதிக்குச் சற்று மேல்தான் பொருள், மற்றது காற்று. காற்றையெல்லாம் துரத்தி முழு அடர்த்திக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். எவ்வளவு வெற்றிடம் போனதோ அவ்வளவு உருவம் போகும். ஆகவே அச்சு செய்பவர் வேண்டிய அளவைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும். பல் கட்டும் லேப்களில் இதை நேரில் பார்க்கலாம்: அரைகுறையாகச் சுட்ட வெள்ளை ஜிர்கோனியா வட்டிலிலிருந்து கடைவாய்ப் பல்லைக் கடைந்தெடுக்கும்போது அது வாய்க்குள் நுழையாத பெரிய பல்லாக இருக்கும், சுண்ணாம்பாகக் கீறுபடும். இரவு முழுக்க 1,500 டிகிரி வரை போய் வந்ததும் சரியான அளவில், இரும்பையே கீறும் பல்லாகிவிடுகிறது.

துளையே இல்லாத பீங்கான் எப்படி இருக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் பல்லாண்டு பார்த்திருக்கிறோம், தெரியாமலே. எல்.இ.டி. வருவதற்கு முன் சென்னை சாலைகளில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்குகள் நினைவிருக்கும். உயரழுத்தச் சோடியம் ஆவி அந்தச் சூட்டில் கண்ணாடியை அரித்துவிடும், அலுமினா தாங்கும். ஆனால் அலுமினா வெள்ளை, ஒளி புகாதது. 1950-களின் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் கோபிள் கண்டது இது: அலுமினா வெள்ளையாக இருப்பது அதன் இயல்பால் அல்ல, உள்ளே சிக்கிய நுண்துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால். மிகச் சிறிதளவு மக்னீசியா சேர்த்தால், மணிகள் அவசரமாக வளர்ந்து துளைகளைத் தமக்குள் சிறைவைப்பது தடைபடுகிறது; துளைகள் மணிகளின் எல்லை வழியே வெளியேறிவிடுகின்றன. ஒளி ஊடுருவும் பீங்கான் குழாய் கிடைத்தது. அதற்குள்தான் அந்த மஞ்சள் எரிந்தது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து சி.டி.எச். எனப்படும் சென்னை–திருவள்ளூர் சாலையில் வந்தவர்கள், ஷிஃப்ட் முழுக்கத் துளைகளைக் காப்பாற்றிய கைகளோடு, துளைகள் துரத்தப்பட்ட ஒரு குழாயின் வெளிச்சத்தில் வீடு திரும்பினார்கள்.

நடுவழியும் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எரிவது ஹைதராபாத்தில் செய்யப்படும் யுரேனிய ஆக்சைடு வில்லைகள். ஹைட்ரஜனில் 1,700 டிகிரியை ஒட்டிச் சுடப்படுபவை. முழு அடர்த்தியில் 95, 96 விழுக்காட்டோடு நிறுத்துகிறார்கள். அணு பிளக்கும்போது பிறக்கும் வாயுக்களும் புதிய தனிமங்களும் தங்க இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் வில்லை வீங்கி உறையை நெருக்கும். துளை எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு பொருளும் தனக்கான விடையை வைத்திருக்கிறது. சின்டரிங் தெரிந்தவர் என்று நான் மதிப்பது அந்த விடையைப் பிடிப்பவரை.

இந்த மனிதர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் லேத் நின்றால் நிற்கும், மின்சாரம் வந்தால் ஓடும். பெல்ட் உலையை அப்படி நிறுத்த முடியாது. சூட்டில் நிற்கும் உலைக்குள் வாயுவை மாற்றி, நைட்ரஜனை நிரப்பி, பாதியில் மாட்டிக்கொண்ட அத்தனை உருப்படியையும் கழிவில் போட வேண்டும். பிறகு வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பேட்டைக்குள் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. எந்திரத்தைக் கழுவிக் காயவைத்து ஓட்டலாம். இரும்புப் பொடியை என்ன செய்வது? ஒரு கிலோவுக்கு ஏழரைச் சதுர மீட்டர் பரப்பு என்று சொன்னேனே, அத்தனை பரப்பும் ஒரே நேரத்தில் துருப்பிடித்தது. நான் போய்வரும் பட்டறையில் டிரம் டிரம்மாகப் பொடி செம்மண் கட்டியாக இறுகிக் கிடந்தது. கடப்பாரையால் உடைத்து எடுத்தார்கள். உலையில் இரும்பைச் சேர்த்துவைக்கிற அதே பரப்பு, தண்ணீர் வந்ததும் இரும்பைத் தின்றது. இழப்பீட்டுக் கணக்கில் அது ‘மூலப்பொருள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியது. ஏரிகளின் உபரிநீர் போகும் வழியைத் திறந்துவைப்பது தொழிற்கொள்கையின் ஒரு பகுதி என்று நான் நினைக்கிறேன். முதலீட்டாளர் மாநாட்டுக்குக் கொடுக்கும் அக்கறையில் ஒரு பங்கு கால்வாய்க்குக் கொடுத்தால் இந்தச் சிறு பட்டறைகள் பிழைக்கும்.

இப்போது மின்வண்டி வருகிறது. உலகம் முழுக்கப் பொடி உருப்படிகளில் பெரும்பகுதியை வாங்குவது வாகனத் தொழில், அதிலும் என்ஜின். வால்வு கைடு, டைமிங் ஸ்பிராக்கெட், என்ஜின் ஆயில் பம்ப் ரோட்டர் மூன்றுக்கும் மின்வண்டியில் வேலையில்லை. ஷாக் அப்சார்பர் பிஸ்டன் நிற்கும், புஷ்கள் நிற்கும். புதிதாக ஒரு வழியும் திறந்திருக்கிறது: ஒவ்வொரு இரும்பு மணிக்கும் மெல்லிய மின்காப்புத் தோல் பூசி, அழுத்தி, 500 டிகிரியைச் சுற்றி மட்டும் சூடுகாட்டிச் செய்யும் மோட்டார் உள்ளகம். இங்கே மணிகள் உடம்போடு உடம்பு சேர்ந்துவிடக் கூடாது. சேர்ந்தால் சுழல்மின்னோட்டம் ஓடி உள்ளகம் சூடாகும். நாற்பது ஆண்டு மணிகளைச் சேர்த்துவந்த செட்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ தோல் கிழியாம அமுக்கணும். டை சுவர்ல உரசாம எப்படி வெளிய எடுக்கறது?” என்று கேட்டார். இந்தத் துறையின் ஆய்வாளர்களும் மல்லுக்கட்டுகிற கேள்வி அது. அழுத்தம் கூடினால் காந்தத்திறன் கூடும், தோல் கிழியும். குறைந்தால் தோல் நிற்கும், காந்தத்திறன் குறையும். வெளியே தள்ளும்போது டைச் சுவரில் உரசும் மணிகள்தான் முதலில் தோலை இழக்கின்றன.

செட்டரின் விரல்களில் இருப்பதைக் கற்றுக்கொள்ள இன்று இருக்கும் ஒரே வழி அவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்பது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். ஒருவன் பீகார்க்காரன், பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் பாடம் நடக்கிறது. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே ஒரு சிறிய பிரஸ், ஒரு குழாய் உலை, அந்தப் பித்தளைப் புனல் வைத்தால், டர்னர், ஃபிட்டர் படிக்க வரும் பிள்ளைகள் ஆறு மாதத்தில் பொடியின் ஓட்டத்தையும் அழுத்தத்தின் அளவையும் பிடித்துக்கொள்வார்கள். பெரிய செலவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறார். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஓய்வு பெறுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்; அதற்குள் அவரைக் கேட்க வேண்டும்.